வீட்டுக் கணினிக்கான இலகு பாதுகாப்பு மென்பொருட்கள்

வீட்டுக் கணினிக்கான இலகு பாதுகாப்பு மென்பொருட்கள் என்பன, குறைந்த நினைவகமும் வேகம் குறைந்த வன்தட்டும் கொண்ட கணினிகளிலும் அன்றாட வேலைகளைப் பெரிதும் தாமதப்படுத்தாது இயங்கக்கூடிய நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருட்களையும் (ஆன்டிவைரஸ்) தீச்சுவர் மென்பொருட்களையும் (ஃபயர்வால்) குறிக்கும். முதலாவது, கணினிக்குள் வந்து சேரும் கோப்புகளையும் இயங்கும் நிரல்களையும் ஆராய்கின்றது. இரண்டாவது, கணினிக்கும் வலையமைப்புக்கும் இடையிலான போக்குவரத்தை விதிகளின்படி அனுமதிக்கின்றது அல்லது தடுக்கின்றது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

கணினி மந்தமாகி விடுவதைப் பொறுக்காத பயனர்கள் பலர் பாதுகாப்பையே நிறுத்தி விடுகின்றனர். எனவே இலகுவாக இருத்தல் என்பது வசதியை மட்டும் பற்றியதன்று. இக்கட்டுரை பெரும்பாலும் மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தையே கருத்திற் கொண்டுள்ளது.

சுமை எங்கிருந்து வருகின்றது

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இருவகையில் வருடுகின்றது. பயனர் கேட்கும்போதோ குறித்த நேரத்திலோ வன்தட்டு முழுவதையும் ஆராய்வது ஒருவகை. ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் கணத்திலேயே அதனை இடைமறித்து ஆராய்வது மற்றொரு வகை. இது நிகழ்நேரப் பாதுகாப்பு எனப்படும். இதற்கென மென்பொருளின் ஒரு பகுதி இயங்குதளத்தின் கருவுக்குள் வடிகட்டியாக அமர்ந்திருக்கும். ஓர் உலாவியைத் திறக்கும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் படிக்கப்படுவதால், ஒவ்வொன்றிலும் ஏற்படும் சிறு தாமதமும் சேர்ந்து பெரிதாகின்றது.

நன்கு வடிவமைக்கப்பட்ட மென்பொருள் ஒருமுறை ஆராய்ந்த கோப்பினை நினைவில் வைத்துக் கொள்ளும். அக்கோப்பு மாறாதவரை அதனை மீண்டும் ஆராயாது. இதனாலேயே புதிதாக நிறுவிய முதல் சில நாட்களில் கணினி மெதுவாகவும் பின்னர் ஓரளவு விரைவாகவும் இயங்குவதைக் காணலாம். முதல் நாளிலேயே ஒரு மென்பொருளைப் பாரமானது என்று முடிவு செய்வது சரியன்று.

பணி மேலாளரில் தெரியும் நினைவக அளவை மட்டும் வைத்து இலகுத்தன்மையை மதிப்பிடுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். திறமூல மென்பொருளான கிளாம்ஏவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதனை அடிப்படையாகக் கொண்ட கிளாம்வின் விண்டோஸ் கணினியில் பெரிய சுமை எதையும் தராது. ஆனால் அதற்குக் காரணம் அதில் நிகழ்நேரப் பாதுகாப்பு இல்லாமையே. பயனர் வருடச் சொன்னால் மட்டுமே அது வருடும். மறுபுறம், கிளாம்ஏவியைப் பின்னணிச் சேவையாக எப்போதும் இயங்க விட்டால், நச்சுநிரல் அடையாளங்கள் அனைத்தையும் நினைவகத்தில் ஏற்றுவதற்கு அது 1 கிகாபைட்டுக்கும் மேற்பட்ட இடத்தை எடுத்துக் கொள்ளும்.

சில மென்பொருட்கள் அடையாளங்களின் பெரும்பகுதியைத் தமது வழங்கிகளில் வைத்துக் கொண்டு, ஐயத்திற்குரிய கோப்பின் சுருக்கக் குறியீட்டை மட்டும் அனுப்பிக் கேட்டறிகின்றன. இதனால் கணினியின் சுமை குறையும். எனினும் இணைய இணைப்பு இல்லாதபோது பாதுகாப்பு தளர்வதோடு, எந்தெந்தக் கோப்புகள் நம்மிடம் உள்ளன என்ற தகவலும் வெளியே செல்கின்றது.

சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினிகளில் தாமதத்திற்கு முதற்காரணம் பெரும்பாலும் அவ்வன்தட்டே. அத்தகைய கணினியில் மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிடத் திடநிலை வட்டு (எஸ்எஸ்டி) ஒன்றைப் பொருத்துவது கூடுதல் பயன் தரும்.

தீச்சுவரின் தேவை

2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கிய பிளாஸ்டர் என்னும் புழு, தீச்சுவரின் தேவையை வீட்டுப் பயனர்களுக்கு உணர்த்தியது. மின்னஞ்சலைத் திறக்கவோ கோப்பைப் பதிவிறக்கவோ தேவையிருக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 2000 இயங்கும் கணினி இணையத்துடன் இணைந்திருந்தாலே போதுமானதாக இருந்தது. 135 ஆம் இலக்கத் துறை வழியாகப் புழு நுழைந்தது. பல கணினிகள் 60 விநாடிக் கெடு காட்டித் தாமாகவே மூடிக் கொண்டன. இக்குறைபாட்டுக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. எக்ஸ்பியில் தீச்சுவரும் இருந்தது. ஆனால் இயல்பிருப்பாக அது முடக்கப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் சேவைப் பொதியே (சர்வீஸ் பேக் 2) அதனை இயல்பிருப்பாக இயங்கச் செய்தது.

அன்று தொலைபேசி மோடம் வழியாக இணைந்த கணினி நேரடியாக இணையத்தை எதிர்கொண்டது. இன்று பெரும்பாலான வீடுகளில் திசைவி (ரௌட்டர்) நடுவில் உள்ளது. கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைக் கணினிக்குச் செல்ல விடாமல் அது தடுக்கின்றது. ஆனால் அதே வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து வரும் தாக்குதலைத் திசைவி தடுக்காது. கல்லூரி விடுதி, தொடர்வண்டி நிலையம் போன்ற இடங்களின் கம்பியில்லா வலையமைப்பில் இணையும்போது வீட்டுத் திசைவியும் உடனிருக்காது. எனவே கணினியிலுள்ள தீச்சுவரை நிறுத்தலாகாது. அத்தகைய இடங்களில் இணையும்போது "பொது வலையமைப்பு" என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸ் தீச்சுவர் உள்வரும் இணைப்புகளை இயல்பிருப்பாகத் தடுக்கும். வெளிச்செல்லும் இணைப்புகளை அனுமதிக்கும். இக்குறையை நிரப்புவதாகக் கூறியே சோன்அலாரம், கொமோடோ போன்ற தனித் தீச்சுவர்கள் புகழ்பெற்றன. ஒரு நிரல் முதன்முறை வெளியே தொடர்பு கொள்ளும்போது அவை பயனரிடம் அனுமதி கேட்கும். கோட்பாட்டளவில் இது சிறந்த முறையே. நடைமுறையில், "எஸ்விசிஹோஸ்ட் இணையத்தை அணுக முயல்கிறது, அனுமதிக்கலாமா?" என்று நாள்தோறும் கேட்கப்படும் ஒருவர் சில நாட்களிலேயே எல்லாவற்றுக்கும் "ஆம்" என அழுத்தப் பழகி விடுகின்றார். அது விண்டோசின் சேவைகளைத் தாங்கி இயங்கும் முறையான கோப்பு என்பது அவருக்குத் தெரியாமலிருக்கலாம். தீநிரல்களும் அதே பெயரைச் சூட்டிக் கொள்வதுண்டு. வெளிச்செல்லும் இணைப்புகளைக் கட்டுப்படுத்த விரும்புவோருக்கு டைனிவால் ஏற்றது. இது விண்டோசிலேயே உள்ள வடிகட்டலைப் பயன்படுத்துவதால் மிகச் சிறியது. இடைவிடாது கேள்வி கேட்பதும் இல்லை. தாமே பட்டியலில் சேர்க்கும் நிரல்களுக்கு மட்டும் அனுமதி வழங்கலாம்.

உள்ளமைந்த பாதுகாப்பு

2006 இல் வெளிவந்த விண்டோஸ் டிஃபென்டர் உளவு மென்பொருட்களை மட்டுமே எதிர்த்தது. 2009 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் இலவசமாக வெளியிடப்பட்டது. 2012 இல் விண்டோஸ் 8 உடன் டிஃபென்டரே முழுமையான நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளாயிற்று. இதன் தொடக்க காலப் பெயர் நன்றாக இருக்கவில்லை. செருமனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் 2012 இன் இறுதியில் எசென்ஷியல்சுக்குச் சான்றிதழ் வழங்க மறுத்தது. ஆயினும் 2010களின் இறுதிக்குள் டிஃபென்டர் அதே நிறுவனத்தின் சோதனைகளில் முழு மதிப்பெண் பெறலாயிற்று. "விண்டோசில் உள்ளது போதாது" என்னும் அறிவுரை பழைய காலத்தின் எச்சமே.

இணையத்தில் உலாவுதல், பாடம் படித்தல், ஆவணம் எழுதுதல் ஆகியவற்றுக்குப் பயன்படும் வீட்டுக் கணினிக்கு டிஃபென்டரும் விண்டோஸ் தீச்சுவரும் போதுமானவை. இவை எல்லாவற்றிலும் இலகுவானவை என்று கூற முடியாது. பெருந்தொகையான கோப்புகளை நகலெடுக்கும்போது டிஃபென்டர் தாமதத்தை ஏற்படுத்துவதுண்டு. திட்டமிட்ட வருடலின்போது மையச் செயலகத்தில் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தாதபடி அது இயல்பிருப்பாக அமைக்கப்பட்டுள்ளது. பவர்ஷெல் கட்டளை மூலம் இதனை மேலும் குறைக்கலாம். வருடலைக் கணினி சும்மா இருக்கும் நேரத்திற்கு மாற்றியமைப்பதும் நன்று. சில கோப்புறைகளை வருடலிலிருந்து விலக்கவும் வசதி உண்டு. ஆனால் வேகத்திற்காகப் பதிவிறக்கக் கோப்புறையை விலக்குவது, வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சன்னலுக்குக் கம்பி போடுவதற்கு ஒப்பாகும்.

பிற தெரிவுகளும் அவற்றின் விலையும்

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபென்டர் ஆகியவை வீட்டுப் பயனர்களுக்கு இலவசப் பதிப்புகளை வழங்குகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 கம்ப்யூட்டிங், புனேயின் குயிக் ஹீல் ஆகியன கட்டணப் பதிப்புகளுக்காக அறியப்பட்டவை. பெயர்கள் பலவாயினும் தெரிவுகள் அத்தனை இல்லை. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகிய நான்கும் 2022 முதல் ஜென் டிஜிட்டல் என்னும் ஒரே நிறுவனத்தின் கீழ் உள்ளன. அவாஸ்டும் ஏவிஜியும் பயன்படுத்துவது ஒரே பொறியையே.

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் கணினியிலுள்ள எல்லாவற்றையும் பார்க்கக் கூடியது. ஆகவே அதனைத் தெரிவு செய்கையில் வேகத்திற்கு முன் நம்பகத்தை ஆராய வேண்டும். அவாஸ்ட் தன் பயனர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்சாட் என்னும் துணை நிறுவனம் மூலம் விற்று வந்தது 2020 சனவரியில் செய்தியாக வெளிவந்தது. அதே மாதத்தில் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024 பெப்ரவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இதற்காக 165 இலட்சம் டாலர் செலுத்துமாறு பணித்தது. கட்டணம் செலுத்தினால் மட்டும் தேவையற்ற சேர்க்கைகளிலிருந்து விடுதலை கிடைத்துவிடும் என்றும் கூற இயலாது. 2021 இல் நார்ட்டன் 360 தொகுப்பில் எதீரியம் என்னும் எண்ணிம நாணயத்தை அகழும் வசதி சேர்க்கப்பட்டது. பயனர் இசைந்தால் மட்டுமே அது இயங்கும் என்றாலும், பாதுகாப்பு மென்பொருளில் அதற்கு என்ன வேலை என்ற வினா எழுந்தது.

தவறான எச்சரிக்கைகளும் கவனிக்கத்தக்கவை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட இற்றைப்படுத்தல் ஒன்று, மேலே கூறிய எஸ்விசிஹோஸ்ட் கோப்பினையே நச்சுநிரலாகக் கருதி அகற்றியது. இதனால் எக்ஸ்பி கணினிகள் பல மீண்டும் மீண்டும் தொடங்கிக் கொண்டேயிருந்தன. ஏவி-டெஸ்ட் தன் சோதனைகளில் பாதுகாப்பு, வேகம், பயன்படுதன்மை ஆகிய மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வழங்குகின்றது. தவறான எச்சரிக்கைகள் மூன்றாவதில் கணக்கிடப்படும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் வேகத்திற்கெனத் தனிச் சோதனை நடத்துகின்றது. இரண்டின் முடிவுகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விளம்பரங்களில் காணப்படும் "உலகிலேயே இலகுவானது" என்பதைவிட இவை நம்பத்தக்கவை.

நிறுவும்போது

நிகழ்நேரப் பாதுகாப்புள்ள இரு மென்பொருட்களை ஒரே கணினியில் இயக்கக் கூடாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று இடைமறிக்க, கணினி உறைந்து போகலாம். வேறொரு மென்பொருள் முறையாக நிறுவப்பட்டால் டிஃபென்டர் தானாகவே விலகிக் கொள்ளும். மென்பொருளை அதன் நிறுவனத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்க வேண்டும். "தங்கள் கணினியில் 37 நச்சுநிரல்கள் உள்ளன" என்று உலாவியில் திடீரெனத் தோன்றும் பக்கங்கள் போலியானவை. ஓர் இணையப் பக்கத்தால் வன்தட்டை வருட இயலாது. ஆன்டிவைரஸ் 2009 என்ற பெயரில் வந்த போலி மென்பொருள் இவ்வாறு அச்சுறுத்தியே பணம் பறித்தது.

நிறுவிய பின்னர் அது இயங்குகின்றதா என அறிய ஐகார் சோதனைக் கோப்பு உதவும். 68 எழுத்துருக்கள் மட்டுமே கொண்ட இக்கோப்பு எத்தீங்கும் செய்யாது. ஆயினும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருட்கள் இதனை நச்சுநிரல் போலவே பிடிக்குமாறு உடன்பாடு உள்ளது. இக்கோப்பினைச் சேமித்தும் எச்சரிக்கை ஏதும் வராவிடின், நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்கவில்லை என்று கொள்ளலாம்.

ஆதரவு முடிந்த இயங்குதளங்கள்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7 க்கானது 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. இவற்றுள் விண்டோஸ் 10 ஐப் பயன்படுத்தும் வீட்டுப் பயனர்கள் பதிவு செய்து கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. திருத்தப்படாத இயங்குதளத்தின் ஓட்டையை எந்த நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளாலும் அடைக்க முடியாது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய கணினிகளில் எக்ஸ்எஃப்சிஈ போன்ற இலகுவான பணிமேடையுடன் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தலாம். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்னும் எளிய தீச்சுவர் உடன் வருகின்றது. ஆனால் அது இயல்பிருப்பாக முடக்கப்பட்டிருக்கும். பயனரே அதனை இயக்கிக் கொள்ள வேண்டும்.