கருவியை நம்பினோர் கதி என்ன?

இணையதளம் அமைப்போர் ஒரு மென்பொருளைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைத் தயாரிக்கும் நிறுவனமே கைவிட்டுவிட்டால், அதை நம்பியவர்கள் என்ன செய்வார்கள்? இதற்குப் பிளாஷின் கதையே சான்று.

இணையத்தில் அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் காட்ட உதவிய பிளாஷ், 2005-ம் ஆண்டு மேக்ரோமீடியா நிறுவனத்தோடு சேர்ந்து அடோபியின் கைக்கு வந்தது. 2007-ல் வெளிவந்த ஐபோனில் அதற்கு இடம் இல்லை. 2011 நவம்பரில் கைபேசிகளுக்கான பிளாஷைக் கைவிடுவதாக அடோபி அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு ஆதரவு முழுவதும் நின்றது. மைக்ரோசாப்டின் சில்வர்லைட்டும் 2021 அக்டோபரில் அதே வழியில் சென்றது.

இருதரப்பு வாதம்

பாதுகாப்புக் குறைகள் பெருகின, எச்.டி.எம்.எல். 5 வளர்ந்தது, 2017 ஜூலையிலேயே முன்னறிவிப்பும் கொடுக்கப்பட்டது என்பது ஒரு தரப்பு வாதம்.

மூடி வைத்த மூலநிரலை வேறு யாரும் பேண முடியாதே என்பது மறுதரப்பின் கேள்வி. அதிலும் நியாயம் உண்டு. பிளாஷோடு இணைந்த பிளெக்ஸ் என்ற கருவியை அடோபி அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அதனால் அதன் பணி தன்னார்வலர்களால் தொடர்ந்தது.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். நிறுவனத்தின் வாக்குறுதியைக் கேட்பதோடு நில்லாமல், மூலநிரல் யார் வசம் உள்ளது என்றும் கேட்டறிவது நல்லது.