பூனைக்குத் தனி வாசல்! சுவரை உடைக்கும் முன் ஒரு நிமிஷம்...

தஞ்சாவூரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பூனை வளர்க்கிற வீடுகளில் ஒரே கூப்பாடுதான்.

"ஏங்க, கொல்லைப்பக்கம் பூனை கத்துது. எழுந்து கதவைத் திறந்து விடுங்க!"

எழுந்து போய்த் திறந்தால் பூனை வராது. படியில் நின்றபடி முகத்தைப் பார்க்கும். சாத்திவிட்டுப் படுத்தால் மறுபடியும் "மியாவ்"!

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மேல வீதி, தெற்கு வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் எப்படி இருந்தன? திண்ணை, ரேழி, கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் கொல்லை. பூனை பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் நடந்து வரும். முற்றத்தில் தொப்பென்று குதிக்கும். பத்தாயத்தைச் சுற்றி ஒரு ரோந்து. அப்புறம் அடுப்பங்கரையில் தூக்கம். யாரையும் கேட்டுக்கொண்டு வந்ததில்லை.

இப்போது? ஓட்டை இறக்கிவிட்டு மாடி கட்டிவிட்டார்கள். முற்றம் மிஞ்சிய வீட்டிலும் மேலே கம்பி, அதற்கு மேல் தகரம். ஜன்னலுக்குக் கொசுவலை. பூனைக்கு எல்லா வழியும் அடைப்பு.

எலிக்கு மட்டும் அடைப்பு இல்லை! சாக்கடைக் குழாய், கதவு இடுக்கு என்று ஆயிரம் வழி. அரை அங்குலச் சந்து கிடைத்தால் சுண்டெலிக்குப் போதும்.

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தாலும், சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும் வீட்டில்தானே இருக்கிறது? வயலில் எலி என்றால் டெல்டாக்காரர்கள் கையில் மூங்கில் கிட்டி உண்டு. 'தஞ்சாவூர் கிட்டி' என்று விவசாயப் புத்தகங்களில் ஊர்ப் பெயரோடு ஏறிவிட்ட சரக்கு அது. அதை அடுப்பங்கரையில் வைத்தால் வீட்டுக்காரர் விரல்தான் போகும். வீட்டுக்குள் பூனைதான் சரி.

ஆகவே கொத்தனாரைத் தேடுகிறார்கள். "மேஸ்திரி, சுவர்ல பூனை போக வர ஒரு ஓட்டை போடணும்!"

பூனைக்குச் சம்பளம்

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இது பழைய சங்கதி. இங்கிலாந்தில் எக்ஸீட்டர் என்ற ஊரில் ஒரு பெரிய மாதா கோவில். அங்கே ஒரு பிரம்மாண்டமான கடிகாரம். அதன் கயிறுகளுக்கு விலங்குக் கொழுப்பு தடவுவார்கள். கொழுப்பு வாசனைக்கு எலி வராமல் இருக்குமா?

1598-ல் வில்லியம் காட்டன் என்ற பிஷப், கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் பூனைக்கு ஒரு துவாரம் போடச் சொன்னார். தச்சர் கூலி 8 பென்னி! கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. துவாரமும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1305 முதல் 1467 வரை, மூன்று மாதத்துக்கு 13 பென்னி என்று பூனை பேரில் பற்று எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வாங்கிய பூனை!

ஆனால் எக்ஸீட்டர் பிஷப்புக்கு இல்லாத ஒரு கவலை தஞ்சாவூர்க்காரருக்கு உண்டு.

பாம்பு வந்தால்?

கொல்லையில் வைக்கோல் போர். அதை அடுத்து வாய்க்கால். அதற்கப்பால் வயல். எலி போகிற வழியில் பாம்பும் வரும். பூனைக்கென்று தரையோடு தரையாகப் போட்ட ஓட்டை, நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் ராஜபாட்டை ஆகிவிடும்.

இதில் கட்டுவிரியன் மகா ஆபத்து. ராத்திரியில்தான் நடமாட்டம். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைக் கடித்துவிடும். பல சமயம் கடி வலிப்பதே இல்லை. விடியற்காலை வயிறு வலிக்கும், கண் இமை சொருகும். 'ராத்திரி சாப்பிட்டது சேரலை' என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மூச்சு திணற ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது எல்லாம் வீண் வேலை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடி கேஸ் வந்தால் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தகவல் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

அப்படியானால் பூனைக்கு வழியே கூடாதா? கூடும். இடம் பார்த்துப் போட வேண்டும்.

தரையிலிருந்து மூன்று, நாலு அடி உயரம். ஜன்னல் மட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு அது ஒரே தாவல். உட்கார வெளியே ஒரு சின்னப் பலகை போதும். ஓட்டைக்குக் கீழே சுவரை வழவழவென்று பூசிவிட வேண்டும், அல்லது டைல்ஸ் ஒட்ட வேண்டும். பக்கத்தில் விறகு, கொடி, பூந்தொட்டி எதுவும் கூடாது. இருந்தால் பாம்புக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் ஏழு அங்குலச் சதுரம் தாராளம். தூண் ஓரத்திலும் கரண்ட் குழாய் போகிற இடத்திலும் கை வைக்கக் கூடாது. சுவர் கனத்துக்கு ஓட்டை ஒரு சுரங்கம் மாதிரி அமையும். உள்ளே ஒரு குழாய்த் துண்டைச் செருகி, சுற்றிலும் சிமெண்ட் பூசினால் இடுக்கு இருக்காது. குழாய் வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வீட்டுக்குள்தான். பழைய மண் சுவரா? சம்மட்டியால் ஓங்கி அடித்தால் சுவரே விரிசல் விடும். நிதானமாகக் குடைந்து, மரச்சட்டம் வைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

முக்கியமானது கதவு. இரண்டு பக்கமும் ஆடுகிற தகடு, அதற்குத் தாழ்ப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே ஒரு கிண்ணம் பால் சோறு. பூனை வந்ததும் தாழ்ப்பாள். எலி ராத்திரியில்தானே கிளம்புகிறது, பூனையும் ராத்திரி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்! பக்கத்துத் தெருக் கடுவன் வந்து மீன் குழம்பில் வாய் வைப்பதும் இதோடு நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று பாக்கி. செத்ததும் சாகாததுமாகப் பூனையே பாம்பைக் கவ்விக்கொண்டு வந்து கூடத்தில் போட்டால்? அதற்கு எந்தக் கதவும் இல்லை. கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பது நல்லது.

முதல் நாளே பூனை நுழைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாலைந்து நாள் தகட்டைத் தூக்கிக் கட்டி வைத்து, மறுபக்கம் கருவாட்டைக் காட்ட வேண்டும். பிறகு பழகிவிடும்.

சில பூனைகளுக்கு அதுவும் ஏறாது. கூலி கொடுத்து, சிமெண்ட் வாங்கி, சுவரை உடைத்து வழி பண்ணியிருப்பார்கள். மறுநாள் ராத்திரி பத்து மணி...

"ஏங்க, வாசல்ல பூனை கத்துது!"