மதுரைச் செப்புச் சில்லறையும் வரலாற்றுச் சான்றும்

பழங்காசு என்றவுடன் பொற்காசுப் புதையல்களே பலர்க்கும் நினைவிற்கு வரும். ஆயின், மக்கள் நாள்தோறும் கைமாற்றிய செப்புச் சில்லறையே அவர்தம் வாணிக வாழ்வினை உள்ளவாறு காட்டவல்லது. இதற்கு மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் தக்க சான்றாவதை ஈண்டு ஆராய்வாம்.

1898ஆம் ஆண்டிற் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் அரசர் தலைமீது உளியால் வெட்டிய வடு உள்ளது. அவை காசாக மீண்டும் வழங்காவண்ணம் வெட்டப்பெற்றன என்று அறிஞர் கருதுவர். மதுரையில் கிடைத்த உரோமச் செப்புக் காசுகளின் இயல்போ வேறு. அவை ஆற்று மணலிலும் நகரைச் சுற்றிய இடங்களிலும் சிதறிக் கிடைத்தவை, சிறியன, மிகத் தேய்ந்தன. கைதவறிய சில்லறை இங்ஙனம் சிதறுதல் இயல்பு. புதைத்து வைத்த பொருளோ ஓரிடத்துத் திரண்டு கிடக்கும். இவ்வேறுபாட்டினை நோக்கியே இராபர்ட்டு சிவெல் என்பார் 1904இல், மதுரையில் உரோமர் குடியிருப்பு இருந்திருத்தல் கூடுமென்றும், இக்காசுகளுட் சில இங்கேயே அடிக்கப்பட்டிருக்கலாம் என்றும் கருதினார்.

இம்முடிபினை முழுவதும் உடன்படுதற்கில்லை. இச்செப்புக் காசுகளுட் பெரும்பாலன கி. பி. 4, 5ஆம் நூற்றாண்டினவாகலின், அவைகொண்டு சங்ககால யவனர் இருப்பை நிறுவுதல் பொருந்தாது. உரோமக் காசினைப் பார்த்து அடித்த போலிகள் இலங்கையிற் பல கிடைத்துள்ளன; எனவே, உரோம முத்திரை ஒன்றே உரோமர் கையினைக் காட்டிவிடாது. தேய்வு, காசு வழங்கியமையைக் காட்டும். வழங்கினார் யாவர் என்பதைக் காட்டாது.

பாண்டியர் காசிலும் இவ்வருமை உண்டு. இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1980களிற் கண்டறிந்து வெளியிட்ட சதுரச் செப்புக் காசில், ‘பெருவழுதி’ என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. இலக்கியத்தான் மட்டும் அறிந்த பெயர்க்குக் காசுச் சான்று கிடைத்தது பெரும் பேறே. ஆயினும், முதுகுடுமிப் பெருவழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி எனப் பலர் அப்பெயர் பூண்டிருத்தலின், இவன் யாவன் என்பது துணிதற்கரிது. அகழாய்வு மண்ணடுக்கிற் கிடைத்திருப்பின், உடன் கிடைத்த பொருள்கள் காலத்தை வரையறுக்க உதவியிருக்கும்.

ஆகவே, காசினும் அது கிடந்த இடமே அரியது எனலாம். பழங்காசு தேடும் மாணவர், கிடைத்த இடத்தினை முதற்கண் எழுதிவைத்தல் வேண்டும். எடையும் அளவும் குறித்தல் வேண்டும். புளியிட்டுத் துலக்குதல் கூடாது. நிலத்துட் புதைந்து கிடைத்தவற்றை 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடன். செப்பு விலைக்கு உருக்கப்படும் ஒவ்வொரு காசும் படிக்கப்படாது எரிந்த ஓர் ஏட்டினை ஒக்கும்.