டெபாசிட்டில் பாதிச் சலுகை. மீதிச் செலவுக்கு யார்?

சிதம்பரம் தனித்தொகுதியில் மக்களவைக்குப் போட்டியிடுபவர் 12,500 ரூபாய் டெபாசிட் கட்டினால் போதும். பக்கத்துக் கடலூரில் பொதுப்பிரிவு வேட்பாளருக்கு அது 25,000. பட்டியல் சாதி வேட்பாளரைப் பணம் தடுத்துவிடக் கூடாது என்றே சட்டம் இந்தச் சலுகையைத் தந்தது. ஆனால் மனு ஏற்கப்பட்டதும் அந்த அக்கறை முடிந்துவிடுகிறது. குன்னம் முதல் காட்டுமன்னார்கோவில் வரை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கான வாகனம், துண்டறிக்கை, பூத் ஏஜென்ட் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அவரே பணம் தேட வேண்டும். 2024-இல் வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 95 லட்சம். கட்சியின் பொதுப் பிரசாரத்துக்கோ வரம்பே இல்லை. தேர்தல் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்பதே இதற்கு நியாயமான வழி.

தனியார் நன்கொடை பெரிய கட்சிகளைத் தேடியே போகிறது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் தி.மு.க. 656.5 கோடி ரூபாய் பெற்றது; அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் மூன்று கூட்டணிக் கட்சிகளுக்கு 40 கோடி தந்ததாக அக்கட்சியின் செலவுக் கணக்கு காட்டியது. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் பெரிய கட்சி நிறுவனத்தையும், சிறிய கட்சி பெரிய கட்சியையும் நம்பியிருக்கும் நிலையில், வாக்காளரின் குரல் கடைசியில்தான் கேட்கும்.

மக்கள் வரிப்பணத்தைக் கட்சிகளுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எழும். கட்சிகளுக்கு வருமான வரி விலக்கும், தூர்தர்ஷனில் இலவசப் பிரசார நேரமும் இப்போதே கிடைக்கின்றன. அரசு நிதி வந்தாலும் ஓட்டுக்குப் பணம் நிற்காது என்பதும் உண்மைதான். பணம் பிடிபட்டதால் 2019-இல் வேலூர் தேர்தலே ரத்தானது. அதைத் தடுப்பது தேர்தல் ஆணையத்தின் வேலை. அரசு நிதியின் வேலை வேறு: நேர்மையாகச் செலவு செய்பவரைக் களத்தில் நிற்க வைப்பது. கட்சிகளின் செலவுக்கும் வரம்பு வைத்தால்தான் அது பயன் தரும்.

யாருக்குத் தருவது என்பதே கடினமான கேள்வி. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும், அதுவும் பொருளாகத் தரலாம் என்று 1998-இல் இந்திரஜித் குப்தா குழு பரிந்துரைத்தது. அந்த விதி இருந்திருந்தால், 2019-இல் சிதம்பரத்தில் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்ற திருமாவளவனுக்கு எதுவும் கிடைத்திருக்காது. அவரது விடுதலைச் சிறுத்தைகள் அப்போது அங்கீகாரம் பெறாத கட்சி. ஆகவே அங்கீகாரத்தை விட்டு, அந்தத் தேர்தலில் வாங்கிய வாக்குகளை அளவாகக் கொண்டு, தணிக்கை செய்த ரசீதுகளுக்குப் பின்னர் பணம் தரலாம். ஜெர்மனியில் கட்சி தானே திரட்டும் வருவாயை அரசு உதவி மிஞ்சக் கூடாது. அதே விதி இங்கும் இருந்தால் கட்சிகள் தொண்டர்களிடம் சிறு நன்கொடை கேட்பதை நிறுத்த மாட்டா. முதலில் தனித்தொகுதிகளில் தொடங்கலாம். டெபாசிட்டைப் பாதியாக்கியபோது சட்டம் ஏற்றுக்கொண்ட கொள்கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது.