ஜிந்துப்பிட்டிக்கு வந்த புயற்செய்தி: அன்றும் இன்றும்

கொழும்பு மேற்குக் கரையில் இருக்கிறது. வங்கக் கடலில் பிறக்கும் சூறாவளி பெரும்பாலும் கிழக்கில் கரையேறும்; நடுவில் மலைநாடு நிற்கிறது. அதனால் கொழும்பின் ஜிந்துப்பிட்டிக்காரருக்குப் புயலைவிடப் புயற்செய்திதான் பழக்கம். செட்டியார் தெருக் கடைகளிலும் துறைமுகத்திலும் வேலைசெய்து இங்குள்ள தோட்டங்களில் குடியிருந்த பலருக்குச் சொந்த ஊர் வேறெங்கோ இருந்தது. புயல் அந்த ஊர்களுக்குப் போகும், சேதி இங்கே வரும்.

1964 டிசம்பரில் அந்தச் சேதி வந்தது. அந்தமான் கடலின் தெற்கே உருவான தாழமுக்கம் வலுத்து, வவுனியா, மன்னார்ப் பக்கமாக இலங்கையின் வடக்கைக் கடந்து, 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியில் விழுந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் சிக்கிக்கொண்டார்கள் என்ற கதைதான் இங்கே அதிகம் பேசப்பட்டது. சினிமாப் பைத்தியம் பிடித்த வட்டாரம் இது. ஆனால் நம்மவரைச் சுட்டது வேறு. 1914 முதல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து சென்னைக்கு ரயில். மாப்பிள்ளை பார்க்கவும், இழவுக்கும், சரக்கெடுக்கவும் அதுதான் வழி. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிதான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. இரண்டு மாதம் முடியுமுன் அக்கரையில் இறங்குதுறையே இல்லை. பின்னாளில் கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடி, 1984 வாக்கில் அதுவும் நின்றது.

அந்தக் காலத்தில் வானிலை ஆட்கள் ஒன்றும் அறியாதவர்களாக இருக்கவில்லை. கொழும்பில் 1907இலேயே அவதானிப்பு நிலையம் இருந்தது. கடல் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி, அந்தச் சூடு ஐம்பது மீற்றர் ஆழம்வரை இருந்தால், ஈரக்காற்று மேலெழும். நீராவி குளிர்ந்து மழையாகும்போது தன் வெப்பத்தை விடும், அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும், கீழே அழுத்தம் குறையும், சுற்றியுள்ள காற்று ஓடிவரும். பூமி சுழல்வதால் ஓடிவரும் காற்று வளைந்து சுழிக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த வளைவு போதாது. 1964 புயல் வழக்கத்துக்கு மாறாக அதற்கு மிக அருகில் வலுப்பெற்றதால்தான் இன்றும் அதைப் பேசுகிறார்கள். வடமேற்குப் பசுபிக்கில் டைஃபூன் என்பதும் இதே பிராணிதான். அங்கே ஆண்டுக்குச் சராசரி இருபத்தைந்து, நம் பக்கத்துக் கடல்களில் ஐந்து அளவில். சில வேளை அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம் வரும்: 1989 நவம்பரில் தாய்லாந்துக் குடாவில் பிறந்த ‘கே’, ஒடுங்கிய நிலத்தைத் தாண்டி வங்கக் கடலில் மீண்டும் பெருத்து ஆந்திரக் கரையை அடித்தது. கரையேறும் புயலுக்கு முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். தரையேறினால் ஈரத் தீனி நின்றுபோகும், காற்று சாகும். மழை அத்தனை சீக்கிரம் சாகாது.

இதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளி காற்றால் கொன்றது. தொள்ளாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், தென்னந்தோப்புகள் படுத்தன. அதற்குப் பெயர் கிடையாது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது ‘எழுபத்தெட்டுச் சூறாவளி’. இந்தக் கடல்களில் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு, சுனாமிக்குப் பின், அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. இப்போது செய்மதிப் படம் கையடக்கத் தொலைபேசியில் வருகிறது. தாழமுக்கம் தலைகாட்டும்போதே வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வானிலை நிபுணர்.

ஆனால் பெயரைப் பார்த்துப் பயப்படுவதில் ஒரு பிசகு இருக்கிறது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமத்தை மூடியது 17ஆம் திகதி. அந்த மழையைக் கொண்டுவந்த தாழமுக்கத்துக்கு ‘ரோனு’ என்று பெயர் வைக்கப்பட்டது இரண்டு நாள் கழித்து, அது இலங்கையைத் தாண்டிய பிறகு. 2025 நவம்பர் 28இல் கிழக்கில் கரையேறிய ‘டித்வா’, பெயர் பெறும் புயல்களில் கடைசித் தரத்தைச் சேர்ந்தது. மணிக்கு 62 முதல் 88 கிலோமீற்றர் வரையான காற்று. எழுபத்தெட்டின் முன் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மெல்ல நகர்ந்து, மலைநாட்டின் மேல் மழையைக் கொட்டியது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மண் சரிந்து அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மலையில் விழுந்த தண்ணீர் களனி ஆற்றோடு இறங்கிக் கடுவெல, கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்கு வந்தது. ஜிந்துப்பிட்டிக்குக் கொஞ்சத் தூரத்திலுள்ள நாகலகம் வீதியில் ஆற்றின் உயரத்தை இன்னும் அடிக்கணக்கில்தான் அளக்கிறார்கள். அந்த வாரம் அந்த அடிக்கணக்கைக் கேட்காத வீடு இங்கே குறைவு.

கடைகளில் நிற்கும் பையன்கள் பலர் இப்போது பதுளை, ஹட்டன் பக்கத்தவர்கள். அறுபத்துநாலில் அக்கரைச் சேதிக்குக் காத்திருந்ததுபோல இவர்கள் லயத்திலிருந்து ஒரு அழைப்புக்குக் காத்திருந்தார்கள். மின்சாரம் நின்றிருந்தது, தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்திருந்தன. தொழில்நுட்பம் எத்தனையோ மாறியும் காத்திருப்பின் நீளம் மாறவில்லை என்று சொன்னால் அது மிகையாகாது. இன்னொன்றும் மாறவில்லை. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்று அப்போது பரவலாக முறைப்பாடு எழுந்தது. இளைஞர்கள் தாமாகவே மொழிபெயர்த்து முகநூலில் போட்டார்கள். சரியும் மலைக்குக் கீழே லயங்களில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் படிப்பவர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தப்படி தமிழும் அரசகரும மொழி. சரிவைப் பல மணி நேரம் முன்னரே கணிக்கத் தெரிந்த நாட்டுக்கு, அதை இரண்டு மொழியில் ஒரே நேரத்தில் சொல்வது கடினமான காரியமா?

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் மறுபடி கொதிக்கும். அதற்குள் சிங்கள அறிக்கை வெளியாகும் அதே மணிக்குத் தமிழ் அறிக்கையும் வெளியாக வேண்டும். அதைத் தமிழ் தெரிந்த அதிகாரியே எழுத வேண்டும். மலைநாட்டில் சொந்தங்கள் உள்ள ஜிந்துப்பிட்டிக்காரர்கள் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்தை அவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள். அழைத்தால் தமிழில் பதில் வருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். வராவிட்டால் எழுத்தில் முறையிடுங்கள்.