வாப்பாவின் விரல்கள்

என் வாப்பா 18 வயதில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகச் சேர்ந்தார். இப்போது அவருக்கு 57 வயது. இதற்குள் அவரது தொழில் இரண்டு தடவை முற்றாக மாறிவிட்டது. புதிய தொழில்நுட்பம் வந்தால் மூத்தவர்களின் திறமை பயனற்றுப் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். அது முழு உண்மையல்ல என்பதை நான் வீட்டிலேயே கண்டேன்.

முதலில் இருந்தவை ஈய எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். 'கொ' என்று கோப்பதற்குக் கொம்பு, 'க', கால் என மூன்று அச்சுகளை வரிசையாக எடுத்து வைக்க வேண்டும். எந்த எழுத்து எந்த அறையில் இருக்கிறது என்பது பாராமலே வாப்பாவின் விரல்களுக்குத் தெரியும்.

பின்னர் கணினியும் பாமினி எழுத்துருவும் வந்தன. பாமினியிலும் அதே ஒழுங்குதான்: கொம்பு, 'க', கால். ஆகவே பழைய பழக்கம் புதிய கருவிக்கும் உதவியது. வாப்பா விரைவில் பழகிக்கொண்டார்.

சில வருடங்களுக்கு முன் அச்சகம் யுனிகோட்டுக்கும் ஒலிமுறைத் தட்டச்சுக்கும் மாறியது. இதில் முதலில் 'க்', பிறகு 'ஒ'. கண் காணும் ஒழுங்கு போய், காது கேட்கும் ஒழுங்கு வந்தது. வாப்பாவின் விரல்களோ கொம்பையே தேடின. "வயது போனவருக்கு இது சரிவராது" என்று அங்கே பேச்சு எழுந்தது. வாப்பா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னார்.

இஷாத் தொழுகைக்குப் பிறகு தினமும் வாப்பாவுடன் அமர்ந்தேன். "எழுத்தை நினைக்காதீங்க வாப்பா, வாயால சொல்லிச் சொல்லி அடிங்க" என்றேன். இரண்டு மாதங்களில் விரல்கள் இணங்கின.

அண்மையில் ஒரு பிரசுரத்தில் 'பள்ளி நிர்வாக சபை' என்பது 'பல்லி நிர்வாக சபை' ஆகியிருந்தது. ஒலிமுறையில் 'ல'வும் 'ள'வும் ஒரே விசையில் இருப்பதால், ஷிஃப்டை அழுத்த மறந்தால் இப்படி நேரும். 'பல்லி'யும் சரியான சொல் என்பதால் கணினியின் பிழைதிருத்தி அதை விட்டுவிட்டது. அச்சேறுமுன் கண்டுபிடித்தவர் வாப்பா.

தொழில் திறமையில் கையின் பழக்கம் ஒரு பகுதி, தொழிலறிவு மறு பகுதி. கருவி மாறும்போது கையின் பழக்கம்தான் தடுமாறுகிறது. வருடக்கணக்கில் சேர்ந்த அறிவு அப்படியே இருக்கிறது. எது மாறியது, ஏன் மாறியது என்று பொறுமையாக விளக்க ஒருவர் இருந்தால் மூத்தவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

சகோதரிகளே, பெற்றோர் கைபேசியில் ஏதாவது கேட்டால், "தாங்க" என்று பறித்து நாமே செய்து முடித்துவிடுகிறோம். அடுத்த முறை கைபேசி அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுப்போம்.