சிதறிக் கிடக்கும் முதலீடும் ஒரே திரையும்

மாதச் சம்பளம் பெறும் ஓர் இந்தியக் குடும்பத்தின் சேமிப்பு இன்று ஓரிடத்தில் இருப்பது அரிது. கணவர் பெயரில் ஒரு தரகு நிறுவனத்தில் பங்குகள், மனைவி பெயரில் வேறொரு செயலி வழியாகத் தொடங்கிய எஸ்.ஐ.பி. எனும் தவணை முதலீடு, பல ஆண்டுகளுக்கு முன் வங்கியில் சொன்னார்கள் என்று வாங்கிய மியூச்சுவல் ஃபண்டு, இவற்றோடு வருங்கால வைப்பு நிதி, அஞ்சலகச் சேமிப்பு எனப் பணம் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. மொத்தம் எவ்வளவு, அது ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்ற இரண்டு எளிய கேள்விகளுக்கு வீட்டில் எவராலும் உடனே விடை சொல்ல முடிவதில்லை. இந்த முழுத் தொகுதியைத்தான் முதலீட்டுத் தொகுப்பு, அதாவது போர்ட்ஃபோலியோ, என்கிறார்கள். இதைத் திரட்டிக் காட்டும் இணையக் கருவிகள் பல வந்துவிட்டன. அவற்றுள் மிகவும் பயன்படக்கூடியவை கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆயினும் பலர் அவற்றை விலை பார்ப்பதற்கு மட்டுமே திறக்கிறார்கள். விலை எவருக்கும் கிடைக்கும் செய்தி. தம்மிடம் உண்மையில் என்ன இருக்கிறது, அது என்ன விலைக்கு வாங்கப்பட்டது, யார் பெயரில் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்பவையே முதலீட்டாளர் முயன்று அறிய வேண்டியவை.

பதிவேடு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பங்குகள் காகிதச் சான்றிதழ்களாக இருந்த காலம் 1996ஆம் ஆண்டின் டெபாசிட்டரி சட்டத்தோடு முடிவுக்கு வரத் தொடங்கியது. அதே ஆண்டில் என்.எஸ்.டி.எல். நிறுவனமும், 1999இல் சி.டி.எஸ்.எல். நிறுவனமும் செயல்படத் தொடங்கின. பங்குகளை மின்னணுப் பதிவுகளாக வைத்துக் காக்கும் டெபாசிட்டரிகள் இந்தியாவில் இவை இரண்டே. டீமேட் கணக்கு என்பது இவற்றுள் ஒன்றில் உள்ள கணக்கு. தரகு நிறுவனம் அதைத் திறந்து தரும் இடையாள் மட்டுமே. ஆகவே தரகரின் செயலியில் தெரிவது அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய படியே அன்றி, பதிவேடு அன்று. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2019 நவம்பரில் முதலீட்டாளர்கள் கண்டார்கள். கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக முதல்நோக்கில் கண்டறிந்த பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, அந்நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விதித்தது. டெபாசிட்டரியின் அறிக்கையைத் தரகரின் கணக்கோடு மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இத்தகைய பிசகு முன்கூட்டியே கண்ணில் படும் வாய்ப்பு உண்டு.

மியூச்சுவல் ஃபண்டுகளின் யூனிட்டுக் கணக்குகளைப் பெரும்பாலும் இரண்டு பதிவாளர் நிறுவனங்கள் பராமரிக்கின்றன: ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், மற்றொன்று ஐதராபாத்தின் கேஃபின்டெக். இந்த இரு பதிவாளர்களிடமும் இரு டெபாசிட்டரிகளிடமும் உள்ள விவரங்களை, நிரந்தரக் கணக்கு எண்ணான பான் எண்ணைக் கொண்டு இணைத்துத் தருவதே ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. செபியின் ஆணைப்படி 2015 முதல் நடைமுறையில் உள்ள இந்த அறிக்கை, வாங்கல் விற்றல் நடந்த மாதத்திற்கு மாத அறிக்கையாகவும், எதுவும் நடக்காதபோது ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் மின்னஞ்சலில் வருகிறது. கடவுச்சொல்லாக ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பான் எண்ணை இட்டால் கோப்பு திறக்கும். பலருடைய மின்னஞ்சல் பெட்டியில் இது திறக்கப்படாமலே கிடக்கிறது என்பது வருந்தத்தக்கது. பணம் கொடுத்து வாங்கும் எந்தச் செயலியின் திரையையும்விட அதிக நம்பகத்தன்மை கொண்ட ஆவணம் இது.

இந்த அறிக்கைக்கும் எல்லைகள் உண்டு. முதல் உரிமையாளரின் பான் எண்ணையும் பெயர்களின் வரிசையையும் வைத்தே இது தொகுக்கப்படுவதால், ஒருவரின் தனிப்பெயரில் உள்ளவை ஓர் அறிக்கையிலும், அவரும் துணைவரும் கூட்டாக வைத்திருப்பவை வேறோர் அறிக்கையிலும் வரும். பான் எண் இணைக்கப்படாத பழைய ஃபோலியோ இதில் இடம்பெறாமல் போகலாம். ஃபோலியோ என்பது ஒரு ஃபண்டு நிறுவனத்தில் முதலீட்டாளருக்குத் தரப்படும் கணக்கு எண். அஞ்சலகச் சேமிப்பும் நகையும் நிலமும் சீட்டும் இதன் பார்வைக்கு வருவதே இல்லை. அவற்றைக் கையால்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

அறிக்கையில் ஒவ்வொரு பங்குக்கும் ஃபண்டுக்கும் எதிரே ஐ.எஸ்.ஐ.என். எனப்படும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறி இருக்கும். இந்திய நிறுவனப் பங்குகளின் குறி ஐ.என்.இ. என்றும், மியூச்சுவல் ஃபண்டு யூனிட்டுகளின் குறி ஐ.என்.எஃப். என்றும் தொடங்கும். சொமேட்டோ 2025இல் எடர்னல் ஆனதைப் போல நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டாலும் குறி மாறாது என்பதால், எந்தக் கருவியில் விவரம் சேர்த்தாலும் பெயரை நம்பாமல் இக்குறியை வைத்துச் சேர்ப்பதே பிழை தவிர்க்கும் வழி. ஆனால் முகமதிப்பைப் பிரிக்கும்போது புதிய குறி தரப்படும். ஒரே ஃபண்டின் ரெகுலர் திட்டத்துக்கும், 2013 ஜனவரியில் அறிமுகமான, முகவர் தரகு இல்லாத டைரக்ட் திட்டத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருப்பதால், முதலீட்டாளர் எதில் இருக்கிறார் என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். அரையாண்டு அறிக்கையில் முகவருக்குச் சென்ற தரகுத் தொகையும் ரூபாய்க் கணக்கில் காட்டப்படுகிறது.

இனி, திரட்டும் வேலையைத் தாமே செய்யும் கருவிகள். கேம்ஸும் கேஃபின்டெக்கும் இணைந்து 2021இல் தொடங்கிய எம்.எஃப். சென்ட்ரல் தளத்தில் அனைத்து ஃபண்டு முதலீடுகளையும் ஒருங்கே பார்க்கலாம். அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறை, ரிசர்வ் வங்கியின் 2016ஆம் ஆண்டு விதிகளின்கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்களால் நடத்தப்படுவது; முதலீட்டாளரின் ஒப்புதலைப் பெற்று, வங்கி, டெபாசிட்டரி போன்றவற்றில் உள்ள விவரங்களைக் குறியாக்கம் செய்த வடிவில் கேட்பவருக்குக் கொண்டுசேர்க்கும் இந்நிறுவனங்கள், அவ்விவரங்களைப் படிக்க அனுமதிக்கப்படுவதில்லை. எதற்காக, எவ்வளவு காலத்திற்கு என்பது ஒப்புதலிலேயே குறிக்கப்படும். விரும்பியபோது அதைத் திரும்பப் பெறலாம். இதற்கு நேர்மாறாக, அறிக்கையைத் தேடி எடுப்பதற்கென்று முதலீட்டாளரின் மின்னஞ்சல் பெட்டி முழுவதையும் படிக்க அனுமதி கேட்கும் செயலிகளும் உண்டு. ஓர் அறிக்கைக்காகக் கடிதங்கள் அனைத்தையும் திறந்துவிடுவது தேவையற்ற விலை. அறிக்கையைத் தாமே தரவிறக்கி அந்தக் கோப்பை மட்டும் கொடுப்பது போதும்.

கருவிகள் காட்டும் எண்களில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது லாப சதவீதம். மாதம் ரூ.10,000 வீதம் 12 மாதங்கள் கட்டியவரின் ரூ.1,20,000 ஆண்டு முடிவில் ரூ.1,32,000 ஆனால், செயலி 10 சதவீத லாபம் என்று காட்டும். ஆனால் முதல் தவணை மட்டுமே 12 மாதங்கள் உழைத்தது. கடைசித் தவணை ஒரே மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு தவணையும் எத்தனை நாள் இருந்தது என்பதைக் கணக்கில் கொண்டு ஆண்டு வளர்ச்சியைக் காணும் முறைக்கு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று பெயர், அதன்படி இங்கே வளர்ச்சி ஏறக்குறைய 19 சதவீதம். மறுபக்கம், ஒரு லட்சம் ரூபாய் பத்தாண்டுகளில் இரண்டு லட்சமானால் திரையில் 100 சதவீதம் எனப் பச்சை நிறத்தில் மின்னும். ஆண்டுக் கணக்கில் அது 7.2 சதவீதத்தைத் தாண்டாது. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இந்தக் கணக்கு ஆயத்தச் சூத்திரமாகவே இருக்கிறது. தேதிகளை ஒரு வரிசையிலும் தொகைகளை மற்றொன்றிலும் இட்டு, கட்டிய பணத்தைக் கழித்தல் குறியோடும், இன்றைய மதிப்பை இன்றைய தேதியில் கூட்டல் எண்ணாகவும் எழுதினால் போதும்.

இதைவிட நுட்பமான சிக்கல் கொள்முதல் விலையில் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் தரும்போது விலை பாதியாகிறது. கருவி போனஸைப் பதிவு செய்யாவிட்டால் பாதிப் பணம் போய்விட்டதாகக் காட்டும். நிறுவனம் ஒன்று பிரிந்து இரண்டாகும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்சியல் பிரிந்தபோது, ரிலையன்ஸ் பங்கு ஒவ்வொன்றுக்கும் புதிய நிறுவனத்தின் பங்கு ஒன்று கிடைத்தது. பழைய கொள்முதல் விலையில் 95.32 சதவீதத்தை ரிலையன்ஸுக்கும் 4.68 சதவீதத்தை ஜியோவுக்கும் உரியதாகக் கொள்ள வேண்டும் என நிறுவனம் அறிவித்தது. அதாவது ரூ.2,000க்கு வாங்கிய பங்கு இனி ரூ.1,906.40க்கு வாங்கியதாகவும், புதிய பங்கு ரூ.93.60க்கு வாங்கியதாகவும் கருதப்படும். புதிய பங்கின் கொள்முதல் விலையைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளும் கருவி, அதை விற்கும்போது இல்லாத லாபத்தை உண்டாக்கி, தேவையற்ற வரிக்கு வழி செய்துவிடும். 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்குகளின் லாபத்தில் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதமும், அதற்கு முன்பே விற்றால் 20 சதவீதமும் வரி என்ற நிலையில், வாங்கிய தேதியும் விலையும் சரியாக இருப்பது நேரடிப் பணப் பிரச்சினை.

தொகுப்பை ஒரே இடத்தில் பார்க்கும்போது வெளிப்படும் மற்றோர் உண்மை, ஐந்து ஃபண்டுகள் என்பது ஐந்து வகை முதலீடு ஆகிவிடாது என்பது. செபியின் 2017ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி லார்ஜ் கேப் ஃபண்டு ஒவ்வொன்றும் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களிலேயே போட வேண்டும் என்பதால், இத்தகைய இரு ஃபண்டுகளில் பெரும்பகுதி ஒரே பங்குகளாக இருப்பது தவிர்க்க முடியாதது. எந்தப் பங்கு எத்தனை ஃபண்டுகளில் இருக்கிறது என்பதைக் காட்டும் வசதி கருவியில் இருந்தால் அதைப் பார்ப்பது நல்லது.

எத்தனை முறை பார்ப்பது என்பதும் ஒரு கேள்விதான். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும், 1990களில் தொலைபேசி வழி வணிகத்திலிருந்து இணையத்துக்கு மாறிய 1,607 முதலீட்டாளர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மாறுவதற்கு முன் சந்தையைவிட ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக ஈட்டிய அவர்கள், மாறிய பின் அடிக்கடி வாங்கி விற்றுச் சந்தையைவிட 3 சதவீதத்துக்கும் மேல் பின்தங்கினார்கள். கண்காணிக்கும் திரையிலேயே விற்கும் பொத்தானும் இருப்பது நல்லதன்று. நீண்டகால முதலீட்டாளர் விலை அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை அறிக்கையைச் சரிபார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை பங்கு, கடன் பத்திரம், தங்கம் ஆகியவற்றின் விகிதத்தை எடைபோட்டால் போதுமானது.

கருவிகள் நிலையானவையும் அல்ல. கூகுள் ஃபைனான்ஸ் தன் போர்ட்ஃபோலியோ வசதியை 2017 நவம்பரில் நீக்கியது; அமெரிக்காவில் பலர் நம்பியிருந்த மின்ட் செயலி 2024இல் மூடப்பட்டது. எனவே எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும், வாங்கிய தேதி, எண்ணிக்கை, விலை ஆகியவற்றின் படியொன்றைச் சொந்த விரிதாளில் வைத்திருப்பது அவசியம்.

அந்த விரிதாள் இருக்கும் இடம் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலீடு கேட்பாரற்றுப் போய்விடலாம். பத்தாண்டுகளாக முதலீட்டாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல், யூனிட்டுகள் மட்டும் இருந்துகொண்டிருக்கும் ஃபோலியோக்களைத் தேடிக் கண்டறிய, செபி 2025 பிப்ரவரியில் மித்ரா என்ற தளத்துக்கு வழி செய்தது. வங்கிகளில் உரிமை கோரப்படாத வைப்புத்தொகையைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டிலேயே உத்கம் தளத்தைத் தொடங்கியிருந்தது. ஒருங்கிணைந்த அறிக்கையில் ஃபோலியோவின் விவரங்களோடு நாமினி பதிவாகியுள்ளாரா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடம் வெறுமையாக இருந்தால், எம்.எஃப். சென்ட்ரல் தளத்திலேயே நாமினியின் பெயரைச் சேர்க்கலாம்.